ஹாக்லண்ட் விடுதியின் கீழ்க்கதவு

மின்னசோட்டாக்காரர்களுக்கு அடுத்தவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதைவிட உயிரை விடுவது சுலபம். பின்னால் ஒருத்தர் வருகிறார் என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வருகிறவர் இன்னும் கார் நிறுத்துமிடத்தையே தாண்டியிருக்க மாட்டார், பரவாயில்லை, நிற்பார்கள். நம்மால் ஒருத்தர் குளிரில் நிற்கிறாரே என்று அவரும் பனியில் வழுக்கிக்கொண்டு ஓடிவருவார். இவர் மன்னிப்புக் கேட்பார், அவரும் மன்னிப்புக் கேட்பார். சார்ஜென்ட் ஆர்டிஸ் நெல்விக்கின் உத்தியோகமே இந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

அவள் பல்கலைக்கழகக் காவல் துறையில் சேர்ந்தபோது அண்ணன்கள் சிரித்தார்கள். நிஜப் போலீஸில் இடமில்லையா என்று கேட்டார்கள். சீருடை நிஜம், இடுப்பில் இருந்த துப்பாக்கி நிஜம், கைது செய்கிற அதிகாரமும் நிஜம். ஆனால் நாள் முழுக்கச் செய்ததென்னவோ தப்பான இடத்தில் நின்ற கார்களுக்கு அபராதச் சீட்டு வைப்பதும், குடித்துவிட்டுப் புதரில் விழுந்த பையன்களைத் தூக்கி நிறுத்துவதும்தான். இன்னொரு வேலையும் உண்டு. தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது என்று யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் போய் அவர்கள் அறைவரை கூட நடக்க வேண்டும். அதை மட்டும் ஆர்டிஸ் மனசாரச் செய்தாள். பரீட்சை, காதல், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நடப்பாள்.

கல்யாணம் ஒன்று நடந்தது. சத்தம் போடாமல் முடிந்தும் போனது. வீட்டுக் கதவைத் தாழ் போட்ட பிறகும் எழுந்து எழுந்து போய் இழுத்துப் பார்க்கிறவளோடு எப்படித் தூங்குவது என்று அந்த மனிதர் கேட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதுப் பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோரும் பெரிய அரங்கில் கூடுவார்கள். பாதுகாப்பு பற்றிப் பேச ஆர்டிஸ் மேடையேறுவாள். ஆபத்தில் உதவி கேட்பதற்கான நீல விளக்குக் கம்பத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது, கூட நடக்க ஆள் வேண்டுமென்றால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்றெல்லாம் சொல்வாள். பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கியிருப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டில்டா ப்ரெக்கின்னு ஒரு பொண்ணு இருந்தா" என்று தொடங்குவாள். கைப்பேசிகள் மடியில் இறங்கிவிடும்.

டில்டாவுக்குப் பத்தொன்பது வயது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு விடுதியே காலியாகிவிட, கட்டுரை முடிக்க வேண்டும் என்று ஹாக்லண்ட் விடுதியில் தங்கியவள். ஒரு பிற்பகல், துணிக்கூடையோடு வந்த ஆள் ஒருவனுக்காக வேறொரு மாணவி நல்லெண்ணத்தோடு, தானாகப் பூட்டிக்கொள்ளும் வாசல் கதவைச் சாத்தாமல் பிடித்தாள். அவன் உள்ளே போனான். டில்டா உயிரோடு வெளியே வரவில்லை. "அந்தப் பொண்ணு தப்பானவ இல்ல. மரியாதை தெரிஞ்சவ. அவ்வளவுதான் அவ செஞ்சது" என்று சொல்லி ஆர்டிஸ் நிறுத்துவாள். அரங்கில் இருமல்கூடக் கேட்காது. அதன் பிறகு ஹாக்லண்ட் பிள்ளைகள் பின்னால் வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்தப் பழகுவார்கள். சக காவலர்கள் அவளுக்குக் கதவுக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நல்ல கதைதான். நடந்தது அதுவல்ல என்பது ஒன்றுதான் அதில் குறை.

அந்தப் பிற்பகல் மார்னி என்ற மாணவி முன்வாசலில் ஒரு ஆளுக்குக் கதவைப் பிடித்தது உண்மை. அடுத்த நாள் ஆர்டிஸிடம் வந்து அழுது சொன்னதும் உண்மை. ஊர் முழுக்க அது பரவிவிட்டது. டிசம்பரில் கொலைகாரன் பிடிபட்டபோது, துணி துவைக்கிற நிலவறைக் கதவு வழியாக நுழைந்ததாகச் சொன்னான். அந்தக் கதவின் தாழ் வெகுநாளாகக் கவ்வாமல் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விசாரணை நடக்கவில்லை. எந்த வழியாக வந்தான் என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்கவும் இல்லை. அப்போதைய தலைமை அதிகாரி கோர்டன் ரஸ்க், ஆர்டிஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கிடைக்க வேண்டிய நியாயம் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டது, இனிமேல் தாழைப் பற்றிப் பேசி யாருக்கு என்ன லாபம் என்றார். கோடையில் அந்தக் கதவையே எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள்.

ரஸ்க்கின் மேல் மட்டும் பழி போட்டுவிட முடியாது. டில்டா சாவதற்குச் சில வாரங்கள் முன்னால் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆர்டிஸை வழிமறித்திருந்தாள். "ஆபீசர், கீழ இருக்கற கதவு சாத்துனாலும் சாத்த மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்." ஆர்டிஸ் மேலே சொன்னாள். மேலே இருந்தவர் பராமரிப்புத் துறையிடம் சொன்னார். பராமரிப்புத் துறை வரிசைப்படி வருவோம் என்றது. யாரோ கதவைப் பிடித்த கதையை மேடையில் சொல்லும்போது மட்டும் டில்டாவின் குரல் ஆர்டிஸின் காதில் கேட்பதில்லை. அதனால்தான் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மற்ற நேரமெல்லாம் கேட்டது. தாழ் கவ்வாத கதவுக்கு ஒரு சத்தம் உண்டு. மரம் சட்டத்தில் மோதும், அதன் பிறகு வர வேண்டிய 'கிளிக்' வராது. சமையலறையில் நிற்கும்போது அந்த வராத சத்தம் அவளுக்குக் கேட்கும். சுற்று வரும்போது ஹாக்லண்டின் பின்புறம் போய்ச் செங்கல் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்ப்பாள். பட்டப்பகலில், ஆட்கள் பார்க்கத் தள்ளுவாள். சில நாள் சுவர் லேசாக உள்வாங்குவதுபோல இருக்கும். உள்ளே ஒரு பெண் முதுகு சாய்த்து நிற்கிறாள் என்று தோன்றும். ஆர்டிஸுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கையை எடுப்பதற்குமுன் ஒரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

அவள் ஓய்வு பெறப்போகிற ஆண்டின் ஆகஸ்டில், காலைக் கூட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மேடையோரம் வந்து நின்றாள். கழுத்தில் பெற்றோருக்கான அட்டை தொங்கியது. அதைப் படிக்குமுன்பே ஆர்டிஸுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"என் பொண்ணு லின்னியாவுக்கு ஹாக்லண்ட்லதான் ரூம் போட்டிருக்காங்க" என்றாள் மார்னி. "மாத்தச் சொல்லிக் கேக்க எனக்குத் தைரியம் வரல. ஏன்னு கேப்பாங்களே."

கதையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்க வரவில்லை என்றாள். சொல்லத்தான் வேண்டும், நாலு பிள்ளைகளாவது பிழைக்கும். அந்தப் பெண் தப்பானவள் இல்லை என்று ஆர்டிஸ் சொன்னதற்கு நன்றி சொல்லத்தான் வந்தாளாம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தரும் சொன்னதில்லையாம். சொல்லிவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோல, நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

அந்த நன்றிதான் ஆர்டிஸை உடைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மதியக் கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் கூட வாங்க என்று மார்னியைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள். ஹாக்லண்டின் முன்னால் தகப்பன்மார்கள் சின்னக் குளிர்சாதனப் பெட்டிகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள். பின்புறம் ஆளில்லை. செங்கல் சுவர்முன் போய் நின்றதும், எப்படித் தொடங்குவது என்று ஆர்டிஸுக்குத் தெரியவில்லை. போலீஸ்காரி அறிக்கை கொடுக்கிறமாதிரியே சொல்லி முடித்தாள்.

"இங்க ஒரு கதவு இருந்துது. அவன் வந்தது இந்த வழியா. நீங்க கதவு பிடிச்ச ஆள் அவன் இல்ல."

மார்னி சுவரைப் பார்த்தாள். "அப்ப அது யாரு?"

"தெரியாது. யாரோ துணி துவைக்க வந்தவரா இருக்கும்."

மார்னிக்குச் சிரிப்பு வந்தது. நிற்காமல் சிரித்தாள். யாரோ ஒரு மனிதர், அழுக்குத் துணி, அவ்வளவுதானா என்று மார்னி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அந்த மனிதரின் முதுகைக் கனவில் பார்க்காத வாரம் இல்லை என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்த டிசம்பர்லயே."

மார்னி கத்துவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று ஆர்டிஸ் காத்திருந்தாள். "மதியம் திரும்பப் பேசறீங்கல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மார்னி அரங்கின் பக்கம் நடந்தாள்.

மதியக் கூட்டத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆர்டிஸ் நீல விளக்குகளைப் பற்றிச் சொன்னாள். கூட நடக்க ஆள் கூப்பிடுவதைச் சொன்னாள். டில்டாவின் பெயரைச் சொன்னதும் வழக்கம்போல அரங்கு அடங்கியது. அடுத்த வரி நாக்கில் தயாராக இருந்தது; பழகிய வரி, வழுக்கிக்கொண்டு வரும். அதைப் பல்லுக்குப் பின்னால் நிறுத்த அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

கொலைகாரனுக்கு யாரும் கதவைப் பிடிக்கவில்லை என்றாள். கீழ்க்கதவின் தாழ் கெட்டிருந்தது, டில்டாவே அதை என்னிடம் சொன்னாள், எங்களுக்குத் தெரிந்திருந்தது, சரிசெய்யவில்லை, பிறகு மறைத்தோம். இத்தனை காலம் இந்த மேடையில் நான் சொன்னது பொய். பின்வரிசையில் கைகட்டி நின்ற இப்போதைய தலைமை அதிகாரியின் முகம் வெளுத்தது. ஒரு தகப்பனார் கையைத் தூக்கி, அப்படியானால் பிள்ளைகள் கதவைப் பிடிக்கலாமா கூடாதா என்று கேட்டார். பாவம், அவர் கவலை அவருக்கு. "பிடிக்கக் கூடாது. புத்திமதி சரிதான். கதைதான் பொய்" என்றாள் ஆர்டிஸ்.

நாளைக்கு வேலை இருக்குமா, ஓய்வூதியம் என்னாகும் என்றெல்லாம் நினைக்க வேண்டிய நேரம். ஆனால் மேடையைவிட்டு இறங்கியபோது அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டிருந்தது. இனி சுவர் உள்வாங்காது என்று நினைத்தாள். மார்னி கார் நிறுத்துமிடத்தில் நிற்பதைப் பார்த்ததும் கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே அவளிடம் போனாள். இனி நம் இரண்டு பேருக்கும் தூக்கம் வரும் என்றுகூடச் சொல்ல நினைத்திருந்தாள்.

"டில்டாவோட சாவுக்கு நான் போகல" என்றாள் மார்னி. "எதிர் ரூம்தான். தலைமுடி பின்னி விட்டிருக்கேன் அவளுக்கு. அவங்க அம்மா மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு போகல. அவங்க எப்பவாவது என்னைக் கேட்டாங்களா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆர்டிஸுக்கு அன்றைக்கு இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை.

டில்டாவின் அம்மா வெர்னாவைப் பார்க்க ஆர்டிஸ் ஒவ்வொரு நவம்பரும் போய்க்கொண்டிருந்தாள். மேற்கே, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். வெர்னா காபி போட்டு, எலுமிச்சை பார் என்ற இனிப்பை அறுத்து வைப்பாள். இரண்டு பேருமாகக் கல்லறைக்குப் போவார்கள். கிளம்பும்போது வெர்னா அவளைக் கட்டிக்கொண்டு, நீ ஒருத்திதான் மறக்காமல் வருகிறாய் என்பாள். மேசையில் எப்போதும் ஒரு கோப்பை கூடுதலாக இருக்கும். இதையெல்லாம் மார்னியிடம் சொன்னாள்.

"அந்தக் கோப்பை உங்களுக்கு வெச்சது" என்றாள் ஆர்டிஸ். "கதவு பிடிச்ச பொண்ணைக் கூட்டிட்டு வாம்பாங்க. எனக்கு அவ மேல கோவமே இல்ல, அவளைப் பாத்தா என் பொண்ணைப் பாத்த மாதிரி இருக்கும்னு சொல்லும்பாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க இருக்கீங்கன்னு தெரியலன்னு சொன்னேன்."

"தெரியலயா?"

"தேடியிருந்தா கிடைச்சிருப்பீங்க. நான் போலீஸ். உங்களைக் கூட்டிட்டுப் போனா உண்மையைச் சொல்ல வேண்டி வரும்."

மார்னி காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டாள். லின்னியா மூன்றாவது மாடி சன்னலிலிருந்து அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள். மார்னி திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். பிறகு முகம் பழையபடி ஆயிற்று.

"அவங்க இருக்காங்களா?"

"போன மார்ச்ல போயிட்டாங்க. டில்டா பக்கத்துலயே அடக்கம் பண்ணியிருக்காங்க."

அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று மார்னி கேட்டாள். இப்போது கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம் என்ற ஆர்டிஸ், தானும் வருவதாகவும், கல்லறை இருக்குமிடம் சட்டென்று கண்ணில் படாது என்றும் சொல்லிக்கொண்டே கார்க் கதவின் கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோனாள். மார்னி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். குரலில் கோபம் இல்லை.

"நீங்க வர வேணாம். நீங்க குடிச்ச காபி எல்லாம் எனக்குப் போட்டது."

ஆர்டிஸ் வழியை மட்டும் சொன்னாள்.