கழுத்துக்கு மேலே

போன வாரம் பரணிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கப் புளித்த வாடை அடித்தது. "ஏன்ரீ, ஊறுகா ஜாடியப் போட்டு உடைச்சுட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பேச்செல்லாம் தமிழ்தான், என்னைக் கூப்பிடுவது மட்டும் கன்னடத்தில். ஊறுகாயெல்லாம் ஒன்றுமில்லை. பழைய நெகட்டிவ் நாள்பட்டால் இப்படித்தான் காடியாகிவிடும். முதல் படங்களைக் கழுவின நாளிலிருந்து இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், வீடு மாறும்போதெல்லாம் பாத்திரங்களுக்கு முன்னால் இதைத்தான் வண்டியில் ஏற்றுவேன்.

அன்றைக்கு அதை இறக்கவைத்தது கூடத்தில் உட்கார்ந்திருந்த செல்வி. ஹனூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் மார்டள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்தவள். இங்கே மைசூரில், அக்ரஹாரத்தில் நான் ஸ்டூடியோ வைத்திருந்த இடத்தை விசாரித்துப் போயிருக்கிறாள். அங்கே இப்போது மொபைல் கடை. கடைக்காரர்தான் வீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறார்.

"எங்கம்மா பேரு மாதம்மாங்க. லேஅவுட்டுல ஊடு கட்டறப்ப நீங்க வந்து போட்டோ புடிப்பீங்களாமா. அப்பா இருக்கறவரைக்கும் சொல்லிட்டே இருப்பாருங்க" என்றாள்.

விஷயம் இதுதான். ஊரில் செல்வி சொந்தமாக ஒரு வீடு கட்டியிருக்கிறாள். செத்தவர்களுக்குப் படையல் போட்டுவிட்டுத்தான் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். போன வருஷம் போன அப்பாவுக்குப் படம் இருக்கிறது. இவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்ட அம்மாவுக்கு இல்லை. "அப்பா படத்த மட்டும் மாட்டுனா அம்மா கோவிச்சுக்குமில்லீங்களா? எனக்கு மொகமே நெனவுல இல்லீங்க. சொந்தக்காரங்களக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படங்களைத் தேடி ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கிறாளே! "மாதம்மாவா? ரோல் ரோலா எடுத்திருக்கேம்மா! நீ உட்காரு, காபி குடி" என்று சொல்லிவிட்டு, முட்டிவலியை மறந்து ஏணியில் ஏறினேன். எவ்வளவு தடபுடல் பண்ணினேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தொண்ணூறுகளில் என் பிழைப்பு முகங்கள்தான். பாஸ்போர்ட், கல்யாணம், பரீட்சை விண்ணப்பம், பெண் பார்க்க அனுப்புவதற்கு முக்கால் பக்கமாகத் திரும்பி நிற்கும் படம். "தலைய நிமித்துங்க, தோள இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். அந்த நாளில்தான் ஒரு புகைப்படக் கழகத்தில் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை கூடுவோம். "முகம் எடுக்கிறவன் ஸ்டூடியோக்காரன், உருவம் எடுக்கிறவன்தான் கலைஞன்" என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் ஸ்டூடியோக்காரன்தானே! அன்றைக்கே முடிவெடுத்தேன். எனக்கென்று எடுக்கும் படங்களில் முகமே இருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவுக்கு விடுமுறை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே புதிதாக மனை பிரித்துப் போட்டிருந்த லேஅவுட்டுக்குப் போய்விடுவேன். திரும்பிய பக்கமெல்லாம் அரைகுறைச் சுவர்களும் மணல்மேடுகளுமாகக் கிடக்கும். ஈரச் சிமெண்ட் வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலைக்காரர்கள் பாதிப் பேர் கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள். நான் தமிழில் பேசுவதைக் கேட்டதும் "அட, நம்மாளு!" என்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். மாதம்மா அங்கே செங்கல் சுமந்தவள். அவள் கையைத்தான் முதலில் பார்த்தேன், சுண்ணாம்பும் வெடிப்புமாக. அப்புறம் இரண்டு வருஷம் செவ்வாய் தவறாமல் அந்தக் கை, அந்தப் பாதம், வெயிலுக்கு எதிரே கறுப்பாகத் தெரியும் அந்த முதுகு, சுவரில் விழுந்த அவள் நிழல். கைப்படம் ஒரு போட்டியில் பரிசு வாங்கியது. 'உழைப்பு' என்று பேர் வைத்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. செல்வி அதற்கு நேர் கீழேதான் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

நெகட்டிவைப் போனில் காட்டினால் கறுப்பை வெளுப்பாக மாற்றிக் காட்டும் வசதி இப்போது வந்திருக்கிறதல்லவா? என் மகன் சொல்லிக்கொடுத்திருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பிடித்தேன். செல்வி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கை. கை. பாதம். முதுகு. செங்கல் அடுக்கு, அதற்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. "அடுத்ததுல இருக்கும்மா" என்றேன். அடுத்ததிலும் கைதான். ரோல் ரோலாக மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கழுத்தோடு வெட்டியிருந்தேன். எங்கேயாவது அவள் திரும்பியிருந்தால் அந்த இடத்தில் கேமராவைத் தாழ்த்தியிருந்தேன். எவ்வளவு கவனமாக வேலை பார்த்திருக்கிறேன், பாருங்கள்.

கடைசி ரோலில் ஒரு படம் வந்தது. துவைத்த சேலை, தோளில் தொங்கும் கனகாம்பரச் சரத்தின் நுனி, இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை கேமராவைப் பார்த்து வாயைப் பிளந்து சிரிக்கிறது. அம்மாவுக்குக் கழுத்து வரைதான் படம்.

"இது நானுங்களா?" என்றாள் செல்வி.

எனக்கு அந்தக் காலை திரும்ப வந்தது. மாதம்மா குளித்து, தலைவாரி, பூ வைத்து, குழந்தையை இடுக்கிக்கொண்டு கட்டின சுவரோரம் நின்றாள். எனக்கோ எரிச்சல். "என்னம்மா, இப்படிச் சிங்காரிச்சுக்கிட்டு வந்து நின்னா எப்படி? வேலை செய்யிற மாதிரி இரு. இங்க பார்க்காதே" என்றேன். "மொகத்தையும் ஒண்ணு புடிங்கண்ணா, ஊட்டுல மாட்டறதுக்காவும்" என்றாள். "அதுக்கென்ன, ஸ்டூடியோவுக்கு வா, லைட்டெல்லாம் போட்டு ஜோரா எடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சேலையின் மடிப்பு நன்றாக இருக்கிறதே என்று அதை மட்டும் எடுத்தேன், இடுப்பிலிருந்த குழந்தை தானாக உள்ளே வந்துவிட்டது. அவள் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. அந்த வீடு முடிந்ததும் வேறெங்கோ போய்விட்டார்கள்.

செல்வி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் மேலே மாட்டியிருந்த கைப்படத்தைப் பார்த்து, "அதுவும் அம்மாதானுங்களா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். எழுந்து போய், கண்ணாடிச் சட்டத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"படத்துல இல்லாட்டிப் போவுதுங்க. நீங்க ரெண்டு வருஷம் பாத்திருக்கீங்களே. அம்மா எப்பிடி இருக்கும், சொல்லுங்க."

கண்ணை மூடி யோசித்தேன். மூக்கு? நெற்றி? ஒன்றும் வரவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். "அப்படியே உன்ன மாதிரிதாம்மா இருப்பா" என்றேன். "மெய்யாலுமேங்களா!" என்று செல்வி முகத்தைத் தடவிக்கொண்டாள். அந்தக் குழந்தைப் படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் அந்த லேஅவுட்டுக்குப் போனேன். காலிமனை ஒன்றுகூட இல்லை. எந்தச் சுவரோரம் அவள் நின்றாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா வீட்டுக்கும் பூச்சும் பெயிண்டும் ஏறி, பாதி வீடுகளை இடித்து மாடியும் கட்டிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நிஜமாவே அந்தப் பொண்ணு அவங்கம்மா ஜாடைதானா?" என்று கேட்டாள்.

"நான் அவளைப் பார்க்கவே இல்லடி" என்றேன்.