முதல் வகுப்பின் பின்கதவு

ஹார்லன் ஸ்டட்ஸ்மனுக்கு வாய் கொஞ்சம் நீளம். விடியும் முன்பே பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி, லாரியை ஆலையில் விட்டுவிட்டு மோலியின் கடையில் காப்பிக்கு உட்கார்ந்தான் என்றால், உலகத்துப் பிரச்சினைக்கெல்லாம் அவனிடம் தீர்வு இருக்கும். பென்சில்வேனியாவின் அந்த மலையூரில் அப்போது ஒரே பேச்சுதான். ஆசிரியர்கள் பள்ளியில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, விருப்பப்பட்ட அப்பாக்களைத் துப்பாக்கியோடு வாசலில் நிறுத்தலாமா என்று ஊரே இரண்டாகக் கிடந்தது.

"எவனாவது வந்து பாக்கட்டும். நான் அங்க நின்னேன்னா ஒரே நிமிஷத்துல அவன் கதை முடிஞ்சிரும்" என்பான் ஹார்லன். "நல்லவன் கையில துப்பாக்கி இருந்தாத்தான் கெட்டவன் பயப்படுவான்."

"நீ நல்லவன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?" என்று மோலி கேட்பாள். கடையே சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

வியாழக்கிழமை நடக்கவிருந்த பள்ளி வாரியக் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேச அவன் பெயர் கொடுத்திருந்தான். மனைவி ரோவீனாவுக்கு அது பிடிக்கவில்லை. "வேட்டைக்குப் போ, மானைக் கொண்டா, நானே சமைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குள்ள மட்டும் அது வேணாம்" என்று சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்டால்தானே. பல வருஷம் ஏங்கிப் பெற்ற ஒரே மகள் ஐவி, முதல் வகுப்பில் இருந்தாள். அவளுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று அவன் சொன்னது சவடால் இல்லை. அது ஒன்றையாவது நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை அங்கே பள்ளிக்கு விடுமுறை. அன்றைக்கு ஹார்லனுக்கு ஒன்றும் சிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளி திறந்துவிட்டது. அவன் பால் வேலையை முடித்துக்கொண்டு மறுபடி மலையேறினான். கொம்பு வைத்த ஆண் மான் ஒன்று வந்தது. சுட்டான். குண்டு தாழப் பட்டு, மான் ரத்தம் சிந்திக்கொண்டே ஓடியது.

அடிபட்ட மானை அப்படியே துடிக்க விட்டுவிட்டு வருகிறவனை அந்த ஊரில் யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். ஹார்லன் ரத்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே சரிவில் இறங்கினான். வேர்த்துக் கொட்டியது. வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்கப் போடும் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். வேலி தாண்டினான், அறுத்து முடித்த சோளக்காட்டுக்குள் போனான். காட்டின் மறுபக்கம் பள்ளிக்கூட விளையாட்டுத் திடல். அது அவனுக்குத் தெரியாததில்லை. கண் மட்டும் தரையிலேயே இருந்தது.

அப்போது கைபேசி அதிர்ந்தது. பெற்றோர் எல்லோருக்கும் பள்ளி அனுப்பிய செய்தி: 'பள்ளி அருகே துப்பாக்கியுடன் ஒருவர். கதவுகள் பூட்டப்பட்டுள்ளன. பெற்றோர் வர வேண்டாம்.'

ஹார்லன் சுற்றுமுற்றும் பார்த்தான். காட்டில் ஒருவரும் இல்லை. மானை மறந்தான், துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி ஓடினான். அது தன்னைப் பற்றிய செய்தி என்று அவனுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அவன்தான் நல்லவன் ஆயிற்றே.

முதல் வகுப்புக்குத் திடல் பக்கம் ஒரு பின்கதவு உண்டு. அதன் கண்ணாடியில் திரை இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. தட்டினான்.

"ஐவி, கண்ணு, அப்பா வந்திருக்கேன். கதவைத் திற."

சத்தமில்லை. மறுபடி தட்டினான். அத்தனை குழந்தைகள் இருக்கும் அறையில் ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை. அந்தத் துப்பாக்கிக்காரன் உள்ளே நுழைந்துவிட்டான், எல்லாம் முடிந்துவிட்டது என்றே ஹார்லன் நினைத்தான். கண்ணாடியை உடைக்கத் துப்பாக்கியின் கட்டையை ஓங்கினான்.

"கீழ போடு. கைய நான் பாக்குற மாதிரி தூக்கு."

காவல்துறை கர்ட்டின் குரல். போன வருஷம் சேர்ந்து வேட்டைக்குப் போன கர்ட். அவன் துப்பாக்கி ஹார்லனின் முதுகைக் குறி பார்த்திருந்தது.

"கர்ட், நான்தான்டா. உள்ள என் புள்ள இருக்கா. ஆளு எங்க?"

"ஆளு நீதான்டா, ஹார்லன். கீழ போடு. என்னைச் சுட வெச்சிராத."

போட்டான். இரண்டு கைகளையும் தூக்கினான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

விசாரித்துவிட்டு அன்று மாலையே அவனை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். அன்றைக்கு முழுக்க ஐவி அவனிடம் பேசவில்லை. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே தானாகச் சொன்னாள்:

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு. பக்கத்துல ஒளிஞ்சிருந்த கேலப் அழப் பாத்தான், நான்தான் அவன் வாயைப் பொத்துனேன்."

"அப்பா குரல்னு தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது. திரையில துப்பாக்கி நிழலும் தெரிஞ்சுது. யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அப்பாவா இருந்தாலும்."

ரோவீனா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றுமில்லாமல் நின்றாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் அரங்கம் நிரம்பியிருந்தது. இரண்டு கட்சியும் அவனைத்தான் எதிர்பார்த்தது. வாசலில் ஒரு காவலன் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்றது ஒன்று. அந்தக் காவலன் இவனைச் சுட்டிருப்பான் என்றது இன்னொன்று. ஹார்லன் ஒலிவாங்கியின் முன் போய் நின்றான்.

"இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா நான் அந்தக் கண்ணாடிய உடைச்சிருப்பேன்" என்றான். "உள்ள என் பொண்ணு, என்கிட்ட இருந்து ஒளிஞ்சிட்டிருந்தா. எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல."

யாரும் கை தட்டவில்லை. அவன் அடுத்தவர் பேசும் முன்பே வெளியேறினான்.

வீட்டுக்கு வந்தபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. அந்த வீட்டுக் கதவை யாரும் பூட்டி அவன் பார்த்ததில்லை. தட்டினான்.

"ஐவி, அப்பாதான். திற."

உள்ளே ஓடி வந்த சின்னக் காலடிச் சத்தம் பாதியில் நின்றது. ரோவீனா மாடியிலிருந்து "திறந்து விடேன்டி" என்று கத்தியும் அது அசையவில்லை.

ஹார்லன் மறுபடி தட்டவில்லை. கதவை விட்டு விலகிப் பக்கத்து ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றான். கர்ட் சொன்னபோது தூக்கியது போலவே இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். திரை கொஞ்சம் விலகியது. ஐவி முதலில் அவன் ஒரு கையைப் பார்த்தாள், பிறகு இன்னொரு கையைப் பார்த்தாள். அதற்கு அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாழ்ப்பாளைத் திறந்தாள்.