பத்தொன்பது யூனிட்

படாளம் துரைக்கு அறுபத்தொன்பது வயது. இடது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காது. சர்க்கரை உண்டு. காலை ஆறு மணிக்கு ஒரு போன் வர வேண்டும். வராவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

போன் செய்கிறவர் திருக்கழுக்குன்றம் வேதாந்தம். மின்வாரியத்தில் இருவரும் முப்பத்தோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். துரை லைன்மேன், கம்பத்தின் மேலே. வேதாந்தம் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர், சுவிட்சின் பக்கத்தில். ஒருவர் கம்பியைத் தொடும்போது இன்னொருவர் கரண்டை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். அப்படி வளர்ந்த சிநேகிதம். ஓய்வு பெற்ற பிறகும் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு வேதாந்தம் போனை எடுத்துவிடுவார்.

"துரை, இங்க எல்லாம் நார்மல். அங்க?"

"இங்கயும் நார்மல் ஆபரேட்டரே."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

போட்டிருக்க மாட்டார். பின்னால் நிற்கும் மனைவி வசந்தா தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாய்யா, அந்த மனுசங்கிட்டயே பொய்யி! வாய் கூசல உனுக்கு?"

ஐப்பசியில் வேதாந்தத்தின் மனைவி ரமா ஆஸ்பத்திரிக்குப் போனார். பித்தப்பையில் கல். இரண்டு நாளில் வீடு என்று சொல்லிவிட்டுப் போனவர். நான்காம் நாள் இதயம் நின்றுவிட்டது.

காரியங்கள் முடிந்த மறுநாளே ஆறு மணிக்குப் போன் வந்தது. "எல்லாம் நார்மல்." துரை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? முப்பத்தோரு வருடத்தில் அந்த ஆள் ஒரு தப்பு ரீடிங் எழுதியதில்லை. அப்புறம் மழை. அப்புறம் சம்பா அறுப்பு. அப்புறம் முழங்கால். நேரில் போவது தள்ளிக்கொண்டே போனது. போன் மட்டும் நிற்கவில்லை.

தை பிறந்து இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, சுப்ரஜாவிடமிருந்து போன் வந்தது. வேதாந்தத்தின் ஒரே மகள். பெங்களூரில் இன்ஜினியர். நாலு வார்த்தை தேவைப்படும் இடத்தில் மூன்று பேசுகிறவள்.

"துரை மாமா, அப்பா வீட்டு மீட்டர் மெசேஜ் எனக்குத்தான் வரும். ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு தெரியுமா?"

"எவ்ளோம்மா?"

"பத்தொம்போது யூனிட்."

துரை பக்கத்தில் இருந்த நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

நூறு யூனிட் வரை பணம் கட்ட வேண்டாம். அதனால் வேறு யாரும் அந்த எண்ணைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். லைன்மேனுக்கு அது முழுக் கடிதம். ஒரு ட்யூப் லைட், தண்ணீர் மோட்டார், கொஞ்ச நேரம் ஃபேன். கூட்டினால் பத்தொன்பது வந்துவிடும். ஃப்ரிட்ஜ் ஓடியிருந்தால் அது ஒன்றே இதைப்போல மூன்று மடங்கு இழுத்திருக்கும்.

"சமையக்கட்டே ஓடலம்மா," என்றார்.

"அதேதான் மாமா. என்கிட்ட தினம் மெனு சொல்றார். இன்னிக்கு மிளகு ரசம், வாழைக்காய்ப் பொரியலாம். ஞாயித்துக்கிழமை வரேன், கூட்டிண்டு போயிடறேன்."

"அவரு இன்னா சொல்றாரு?"

"சரிங்கறார். எதைச் சொன்னாலும் சரிங்கறார். எனக்கு அதுதான் பயமா இருக்கு."

துரைக்கும் பயம் வந்தது. பெங்களூரிலிருந்தும் காலை ஆறு மணிக்குப் போன் வரும், சந்தேகமில்லை. மகளின் ஒன்பதாவது மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் "எல்லாம் நார்மல்" என்பார். இங்கிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே மீட்டர் ரீடிங்கும் உதவாது.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் டைம் கீதில்ல? நான் ஒரு நட போயி லைனப் பாத்துட்டு வந்துடறேன்."

மறுநாள் காலை வசந்தா முருங்கைக்கீரை அடையைக் கட்டி, வறுத்த வேர்க்கடலையை ஒரு டப்பாவில் கொட்டினார். "முழங்காலு?"

"வண்டியில போறதுக்கு முழங்காலு எதுக்கு?"

"கிக்கர ஒதைக்க? ஆளு வெச்சிக்கிறியா?"

கடைசியில் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக் கொடுத்ததும் வசந்தாதான்.

பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, அங்கிருந்து கிழக்கே. சாய்ந்த கம்பம் ஒன்று, கம்பியை உரசும் புளியமரம் இரண்டு. வழியெல்லாம் துரை யாரையோ திட்டிக்கொண்டே போனார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் அவருக்கு ரோடு தெரியாது, லைன்தான் தெரியும்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் துணை மின்நிலையத்தில் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். எல்.சி. என்பார்கள். ஆபரேட்டர் கரண்டை நிறுத்தி, வாங்கியவன் பெயரை எழுதிக்கொள்வார். வேலை முடிந்ததும், பாதுகாப்புக்குக் கம்பியில் மாட்டிய எர்த் ஒயரை எடுத்துவிட்டு, வாங்கியவனேதான் தன் வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை வானமே இடிந்து விழுந்தாலும் ஆபரேட்டர் சுவிட்சைத் தொடக் கூடாது; கரண்டைத் திரும்ப விட, அதாவது 'சார்ஜ்' பண்ண, கூடாது.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், மாமல்லபுரம் ரோட்டில், துரை ஏறிய கம்பத்தில் குளவிக்கூடு கலைந்தது. கீழே விழுந்து மயங்கிய துரையை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கடற்கரை ஓட்டல்களில் கரண்ட் இல்லை. "துரையை இறக்கியாச்சு, லைனில் ஆள் இல்லை, சார்ஜ் பண்ணு" என்று அதிகாரி கத்தினார். "வாங்கினவர் சொல்லட்டும் சார்" என்று வேதாந்தம் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம். துரை கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஆனந்தன் எறங்கிட்டானா?" அடுத்த கம்பத்து உச்சியில், குளவிக்குப் பயந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான் ஹெல்பர் ஆனந்தன். அவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து துரைக்கு வேதாந்தத்தின் சொல்லுக்கு மேல் வேறு சொல் கிடையாது. இந்த இரண்டு மாதம் ஏமாந்ததும் அதனால்தான்.

வேதாந்தம் கதவைத் திறந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருமண் பளிச். ஆனால் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே நாலு விரல் நுழையும்.

"வாய்யா. சொல்லாம கொள்ளாம?"

"சாப்ட்டியா ஆபரேட்டரே?"

"ஆச்சு."

"இன்னா கொயம்பு?"

"வத்தக் குழம்பு."

"அப்பிடியா. கொஞ்சம் ஊத்து, நானும் துண்றேன்."

துரை நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போய் சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரியவில்லை. இருட்டில் ஃப்ரிட்ஜ் மூச்சில்லாமல் நின்றது. அதன் கதவு முழுதாக மூடாதபடி, நாற்றம் அடிக்காமலிருக்க, ஒரு துணி மடித்துச் செருகியிருந்தது.

வாசலுக்குத் திரும்பி மீட்டர் போர்டைத் திறந்தார். பழைய வீடு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. சமையலறைக் கட்டையைக் காணவில்லை.

"கட்டை எங்கய்யா?"

வேதாந்தம் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். நெஞ்சுக்கு மேலே கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாசா மாசம் ஃப்ரிட்ஜைத் தொடைப்பா. நான் மறந்துபோய் ஆன் பண்ணிடுவேனாம். 'எல்.சி. குடுங்கோ'ன்னு கட்டையைப் பிடுங்கித் தன் கையில வெச்சுப்பா. முடிச்சதும் கொண்டுவந்து, 'எல்.சி. ரிட்டர்ன்'ம்பா. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். என்னிய விட நல்லா ரிட்டர்ன் பண்ணுவாங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கும் காலி பண்ணித் தொடைச்சா. ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சான். அவசரத்துல கட்டையைக் கைப்பையில போட்டுண்டு கிளம்பிட்டா. அப்புறம் ஆஸ்பத்திரியில ஒரு கவர் குடுத்தான். கண்ணாடி, வளையல், இது." பையைத் தடவினார். "வாங்கினவ ரிட்டர்ன் பண்ணலையேய்யா. நான் எப்படி சார்ஜ் பண்றது?"

வேறு யாராக இருந்தாலும் பைத்தியமா என்று கேட்டிருப்பார்கள். ஆறுதலாவது சொல்லியிருப்பார்கள். துரை இரண்டும் செய்யவில்லை. முப்பத்தோரு வருடம் அந்த விதியை நம்பிக் கம்பம் ஏறிய ஆள் அவர். மொபெட்டிலிருந்து அடைப் பொட்டலத்தை எடுத்து வந்து நாற்காலியில் வைத்தார். யோசித்தார்.

"ரூல்ல பாதி சொல்றே. மீதி எங்க? வாங்கின ஆளு வர முடியாமப் பூட்டா இன்னா செய்யணும்?"

வேதாந்தத்துக்கு மனப்பாடம். யோசிக்காமலே வாயில் வந்தது. "அந்த ஆளோட பார்ட்டில, கூட வேலை பாக்கற இன்னொருத்தர், லைன் முழுக்க நடந்து பார்த்து, ஆள் இல்ல, சாமான் இல்ல, எர்த் எடுத்தாச்சுன்னு தெரிஞ்சப்புறம், தன் பேர்ல ரிட்டர்ன் பண்ணலாம்." சொல்லி முடித்ததும் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அவங்க பார்ட்டியா இல்லியா? இருவத்தஞ்சு வருசமா அவங்க கையால காபி குடிச்சிக்கிறேன்."

"நீ பார்ட்டிதான்யா."

"அப்ப லைன் பேட்ரோல் நடந்து பாக்கறேன். நோட்ட எடு."

துரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டர் போர்டிலிருந்து ஆரம்பித்தார். சுவரோடு போகும் ஒயரைத் தொடாமல் தொடர்ந்தார். முழங்கால் முனகியது. கூடம், நடை, சமையலறை. ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னார். "மிக்ஸி, காலி! கிரைண்டர், காலி! எக்ஸாஸ்ட்டு ஃபேனு, சிலந்தி ஒண்ணு கீது, அது நம்ம ஸ்டாஃப் இல்ல!" ஃப்ரிட்ஜுக்கு வந்ததும் குரல் இறங்கியது. "எர்த்து ஒண்ணு போட்டுக்கீது."

கதவிடுக்கில் இருந்த துணியைத்தான் சொன்னார். ரமா மடித்து வைத்தது. பழைய சுங்குடிப் புடவையின் கிழிசல்.

"நான் எடுக்க மாட்டேன்," என்றார் துரை. "அத்த நீதான் எடுக்கணும்."

வேதாந்தம் வந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் நுழையாத சமையலறை. துணியை எடுத்தார், மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் வைத்தார். இடம் போதவில்லை. கட்டையை வெளியே எடுத்து மற்றக் கையில் வைத்துக்கொண்டார்.

துரை வாசலுக்கு நடந்தார்.

"எங்கய்யா போறே?"

"ஒரே ரூம்ல நின்னுகினு எவனாச்சும் ரிட்டர்ன் பண்ணுவானா? போன எடு."

தெருவில் நின்று போன் போட்டார். கோயிலுக்குப் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த பூக்காரி பாப்பா அவர் போட்ட சத்தத்தில் நின்றுவிட்டாள்.

"படாளம் துரை பேசறேன். சமையக்கட்டு லைனு. ரமாம்மா பேர்ல வாங்கின எல்.சி. லைன் முச்சூடும் நடந்து பாத்தாச்சு. ஆளுங்க எறங்கியாச்சு. சாமான் எறக்கியாச்சு. எர்த்து எடுத்தாச்சு. எல்.சி.ய என் பேர்ல ரிட்டர்ன் பண்றேன்."

போனில் பேனா நோட்டில் உரசும் சத்தம் கேட்டது. துரை அவசரப்படுத்தவில்லை. பிறகு வேதாந்தம், பழைய ஆபரேட்டர் குரலில், வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார். "ரமா பேர்ல வாங்கினது" என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை நின்று, மறுபடி ஆரம்பித்தார்.

"நேரம்?" என்றார்.

"பதினொண்ணு நாப்பது."

"பதினொண்ணு நாப்பது. சார்ஜ் பண்றேன்."

உள்ளே ஃப்ரிட்ஜ் உறுமுவது தெருவரை கேட்டது.

"யாரு எங்கிருந்து எறங்கனாங்க அண்ணாத்த?" என்றாள் பாப்பா.

"எல்லாரும்தான். நீ போய் பூ வித்துகினு வாம்மா."

அடையை இருவரும் தின்று தீர்த்தார்கள். ராத்திரிக்கு உப்புமா என்று முடிவானது. துரை அதுவரை இருந்தே தீருவேன் என்றார். வசந்தா ஸ்பீக்கர் போனில் வழி நடத்தினார். "தண்ணி கொதிச்சப்பறம் ரவைய தூவணும். தூவனீங்களா?"

"கொட்டியாச்சு," என்றார் வேதாந்தம்.

"கொட்டியாச்சா? அண்ணே, உங்க ரெண்டு பேர வேலைக்கி வெச்சி ஊருக்கே கரண்ட் குடுத்தாங்களே, அவங்கள சொல்லணும்!"

கட்டி கட்டியாக வந்தது. வேதாந்தம் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுப்ரஜா வந்தாள். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள்: பால், தயிர், அரை மூடித் தேங்காய், தோசை மாவு. பிறகு வாசலுக்குப் போய் மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டுவதைக் கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டு நின்றாள்.

"பெட்டி கட்டட்டுமா?" என்றார் வேதாந்தம்.

"வேணுமாப்பா?"

"வேண்டாம்."

இரண்டு மாதத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் வேண்டாம். சுப்ரஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்போ ஒரு கண்டிஷன். 'எல்லாம் நார்மல்' இனிமே செல்லாது. ரீடிங் சொல்லணும். துரை மாமாவும்தான்."

துரைக்கு இது முற்றிலும் அநியாயமாகப் பட்டது. ஆனால் வசந்தா அன்றே சர்க்கரை பார்க்கும் மிஷின் வாங்கிவிட்டார்.

திங்கள்கிழமை காலை ஆறு மணி.

"துரை, நேத்து ரெண்டு யூனிட். மாவு பொங்கி ஃப்ரிட்ஜெல்லாம் வழிஞ்சுடுத்து. ராத்திரி தூக்கம் வரல, ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தேன். இப்போ பரவாயில்ல. உன் ரீடிங் சொல்லு."

துரை சுற்றும் முற்றும் பார்த்தார். வசந்தா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எரநூத்திப் பத்து."

"என்னய்யா தின்னே?"

"கல்யாண வூட்டு ஜாங்கிரி."

"எத்தனை?"

"ஆபரேட்டரே, ரீடிங் மட்டுந்தான் கேக்கணும்."

"எத்தனைய்யா?"

"நாலு," என்றார் வசந்தா, போன் பக்கம் குனிந்து.