ரிஷிகேஷ் போய் வந்த மொழிபெயர்ப்பாளர்

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெருவுக்கே சிவனேஸ்வரியின் தொழில் தெரியும். அந்தத் தொழிலில் அவர் என்னென்ன கேட்டார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணம் கோப்பாயில் பிறந்து, 1986இல் மணப்பெண்ணாக லண்டன் வந்தவர். கணவர் யோகராஜா என் பழைய நண்பர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் தர்மிகா. சிவனேஸ்வரி எந்தத் தடுப்பு முகாமையும் கண்ணால் கண்டதில்லை. ஊரில் நடந்த போரின் பெரும்பகுதியைத் தொலைபேசி வழியாகக் கேட்டவர். இதை முதலிலேயே குறித்துவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பரீட்சை எழுதி மொழிபெயர்ப்பாளர் ஆனார். ஆஸ்பத்திரி, சட்டத்தரணி அலுவலகம், அகதி வழக்குகளை விசாரிக்கும் மன்றம் என்று தமிழர் வாய் திறக்க வேண்டிய இடமெல்லாம் போனார். அந்த வேலைக்குக் கடுமையான ஒரு விதி உண்டு. கேட்டதில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "இவர் இப்படிச் சொல்கிறார்" என்று தள்ளி நின்று சொல்லவும் கூடாது. வந்தவர் "என்னைக் கட்டிவைத்து அடித்தார்கள்" என்றால், மொழிபெயர்ப்பாளரும் ஆங்கிலத்தில் "என்னைக் கட்டிவைத்து அடித்தார்கள்" என்றே சொல்ல வேண்டும். வந்தவரின் வாயாக இருப்பதுதான் வேலை.

சிவனேஸ்வரியின் குரல் ஒருநாளும் தளம்பியதில்லை என்று சொல்வார்கள். சட்டத்தரணிகள் அவரைத்தான் வேண்டுமென்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். வேலை முடிந்ததும் குறிப்புத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, கிரீன் ஸ்ட்ரீட்டில் இறங்கி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் மீன் விலையைப் பற்றி மட்டும் பேசுவார்.

கடைசிச் சில வருடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. குளியலறைக் கதவைப் பூட்டாமல் விட்டார். சமையலறை ட்யூப் லைட்டைக் கழற்றி மஞ்சள் பல்பு போடும்படி பிடிவாதம் பிடித்தார். காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் இறங்காமல் இருந்தார். வயது போவதால் வந்த குணம் என்று யோகராஜா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தாய்க்கு ஓய்வு வேண்டும் என்று கண்டுகொண்டவள் தர்மிகா. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் தியான வகுப்பில் அவள்தான் தாயைச் சேர்த்துவிட்டாள். போன வருடம் பெப்ரவரியில் அந்த வகுப்பு ரிஷிகேஷுக்குப் புறப்பட்டபோது, தாயும் கட்டாயம் போக வேண்டும் என்று நின்றாள். அவள் வரவில்லை; யோகராஜாவும் நானும் துணைக்குச் சேர்ந்துகொண்டோம்.

கங்கை அங்கே மலையை விட்டு இறங்குகிறது. பச்சைத் தண்ணீர். காலை வைத்தால் குளிர் எலும்புக்குள் போகும். கரை நெடுக ஆசிரமங்கள், யோகா சொல்லித்தரும் பலகைகள், பாயைச் சுருட்டித் தோளில் போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள். போன அன்று தொங்கு பாலத்தில் ஒரு குரங்கு யோகராஜாவின் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடியது. அவர் குனிந்து எட்டிப் பிடிக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சை, பேரிலை மட்டும் யோகம் இருந்தாக் காணாது," என்றார் சிவனேஸ்வரி. "குரங்குக்கே உங்களைத் தெரிஞ்சுபோச்சு."

பாலம் கடக்கும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நாங்கள் தங்கிய ஆசிரமத்தில் ஐந்து நாள் மௌனம். தொலைபேசிகளை வாங்கி வைத்துவிட்டார்கள். தொடங்குமுன் ஆசிரியர், சிறையோ போரோ சித்திரவதையோ பட்டவர்கள் இருந்தால் தன்னிடம் தனியே சொல்லும்படி கேட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு நீண்ட மௌனம் ஆபத்தாகலாம் என்று விளக்கினார். நான் எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் இருந்தவன் என்று எனக்குப் பக்கத்தில் இருந்த சிவனேஸ்வரிக்குத் தெரியும். அவர் என் பக்கம் சரிந்து மெல்லச் சொன்னார்.

"அண்ணை, நீங்கள்தான் போய்ச் சொல்ல வேணும். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை."

அவர் சொன்னது உண்மை. நான் போய்ச் சொன்னேன். எனக்குப் பாதி நாள் மட்டும் மௌனம் போதும் என்றார்கள். அவரை முழு மௌனத்தில் விட்டார்கள். எது வந்தாலும் தடுக்காமல் வரவிடுங்கள் என்பதே அங்கே பாடம்.

இரண்டாம் நாள் அவர் பாயைக் கதவருகே மாற்றிக்கொண்டார். மறுநாள் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் கண்ணைத் திறந்து கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் மடியில் இல்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதுவும் ஏதோ ஆசனம் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பெண்ணும் அப்படியே கையை வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மாலை ஆற்றங்கரையில் ஆரத்தி முடிந்து கூட்டம் கலைந்தது. படியில் நாங்கள் மூவரும் இருந்தோம். சிவனேஸ்வரி மௌனத்தை விட்டார். தான் அடைபட்டிருந்த ஓர் அறையைப் பற்றிச் சொன்னார். வவுனியாவில் ஒரு கட்டடம், விட்டுவிட்டு எரியும் ஒரு ட்யூப் லைட், கதவுக்கு வெளியே ஒருவர் தேநீர் ஆற்றும் சத்தம். சொல்லிக்கொண்டே போனார். குரல் தளம்பவில்லை.

யோகராஜா முதலில் சிரிக்கப் பார்த்தார். "நீர் எப்ப வவுனியாவிலை இருந்தனீர்? லண்டனிலை எல்லோ இருந்தனீர்."

"தெரியும். எனக்கு நடக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார் சிவனேஸ்வரி. "ஆனா கண்ணை மூடினா, நான் ஆருக்காகக் கதைச்சனோ அவையின்ரை ஞாபகம்தான் வருகுது. நாலு நாளா என்ரையைத் தேடிப் பாத்தன். ஒண்டையும் காணேல்லை."

பிறகு தர்மிகா பிறந்த அன்று என்ன நடந்தது, சொல்லுங்கள் என்று கணவரைக் கேட்டார். யோகராஜா சொல்லத் தொடங்கினார். விடியப்புறம் வலி வந்தது, டாக்ஸி வரப் பிந்தியது, வெளியே பனி கொட்டியது. அவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்லி நிறுத்த, சிவனேஸ்வரி அதை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு வலி வந்தது. எனக்கு டாக்ஸி பிந்தியது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. யாரோ ஒருத்தியின் கதையை யாரோ ஓர் அதிகாரிக்குச் சொல்வதுபோல் நேரே பார்த்துக்கொண்டு சொன்னார். யோகராஜா பாதியில் நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்தார்.

லண்டன் திரும்பியதும் சிவனேஸ்வரி வேலையை விட வேண்டும் என்று யோகராஜா கெஞ்சினார். மருத்துவரிடம் போவோம் என்று தர்மிகா நாள் எடுத்தாள். அந்த நாளுக்கு முன்பே ஒரு வழக்கு வந்துவிட்டது. மேனுஷா என்ற கிளிநொச்சிப் பெண்ணின் வழக்கு. அவளுடைய சட்டத்தரணி சிவனேஸ்வரியைத்தான் கேட்டிருந்தார். அவர் வராவிட்டால் விசாரணை மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

"அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருக்குது. நான் போகாமல் விட ஏலாது," என்றார்.

யோகராஜாவுக்குத் தனியே விட மனமில்லை. பார்வையாளர் வரிசையில் அவரோடு நானும் போய் இருந்தேன்.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேனுஷா சொல்லச் சொல்ல, சிவனேஸ்வரியின் குரல் பிசகாமல் பின்னால் வந்தது. உங்களை எங்கே வைத்திருந்தார்கள் என்று நீதிபதி கேட்டார்.

"இருட்டறையிலை வைச்சிருந்தவை," என்றாள் மேனுஷா. அதற்குமேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. குனிந்துகொண்டாள்.

சிவனேஸ்வரி அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மன்றம் அமைதியாகக் காத்திருந்தது. அந்த அமைதியில் மறுபடி சிவனேஸ்வரியின் குரல் கேட்டது. அறையில் ஒரு ட்யூப் லைட் விட்டுவிட்டு எரிந்தது என்றார். என் கைகளைப் பின்னால் கட்டினார்கள் என்றார். கதவுக்கு வெளியே ஒருவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார் என்றார். சட்டத்தரணி குனிந்து எழுதிக்கொண்டே போனார். அரசுத் தரப்பில் இருந்த பெண்மணிதான் தலையை நிமிர்த்தி மேனுஷாவைப் பார்த்தார். மேனுஷாவின் உதடு அசையவில்லை.

யோகராஜா என் முழங்கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

நீதிபதி நிறுத்தினார். இதைச் சாட்சி சொன்னாரா என்று கேட்டார். வேறு மொழிபெயர்ப்பாளரோடு முதலிலிருந்து விசாரிப்பதாகத் தள்ளிவைத்தார்கள். இருட்டறையில் விளக்கு எப்படி எரியும் என்ற கேள்வியை அரசுத் தரப்பு குறித்துக்கொண்டது. காலையில் சொன்னவையும் சரியாகத்தான் சொல்லப்பட்டனவா என்பதுகூடச் சந்தேகத்துக்குள் போய்விட்டது.

வெளியே நடைவழியில் மேனுஷா ஓடிவந்தாள். நடந்தது அவளுக்கு விளங்கவில்லை. ஆங்கிலம் தெரியாது.

"அக்கா, நான் சொல்லாமலே என்ன சொன்னனீங்கள்?"

"உங்கடையைச் சரியாத்தான் சொன்னனான், பிள்ளை," என்றார் சிவனேஸ்வரி. "பிறகு சொன்னது என்ரை."

யோகராஜா அவருடைய குளிர்கோட்டை விரித்துப் பிடித்தார். சிவனேஸ்வரி கையை நீட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு மணிக்கட்டுகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து வைத்துக்கொண்டார்.