சணல் தாடியோடு வந்த பதில்

என்னை இத்தனை காலம் பொறுத்துக்கொண்ட ஆண்டவருக்கு முதலில் நன்றி. சாட்சி சொல்ல வருகிறவர்கள் மணக்க மணக்கப் பேசுவார்கள். என் சாட்சி கொஞ்சம் நாறும். சகித்துக்கொண்டு வாசியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலை அடிவாரப் பக்கம் ஒரு சிறிய லுத்தரன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். காலையில் ஜெபம், மாலையில் ஜெபம், லெந்து என்கிற தவக்கால நாட்கள் வந்தால் நாடகம். நாடகக் குழுவில் ஒப்பனை என் பொறுப்பு. தாடி ஒட்டுவேன், அங்கி துவைப்பேன். அந்தக் குழுவைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஜெபக்கூட்டத்தில் விம்மி விம்மி அழுகிறவன், மெஸ்ஸுக்கு வந்ததும் பக்கத்துத் தட்டிலிருக்கும் முட்டையை எடுத்து விழுங்குவான். கேட்டால் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று இளிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆண்டவர் வேஷம் ஜெயசீலனுக்கு. உயரமாக இருந்தான், குரல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் தகுதி. காட்சிக்கு நடுவே திரைக்குப் பின்னால் போய் பீடி பிடிப்பான். சணலுக்குச் சாயம் ஏற்றிச் செய்த தாடி. பசை, பீடி, வியர்வை எல்லாம் சேர்ந்து அதிலிருந்து வரும் நாற்றத்தில் எனக்குக் குமட்டும். இந்த வாய்தானா ஆண்டவருடைய வார்த்தைகளைப் பேச வேண்டும் என்று உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டே ஒட்டிவிடுவேன்.

அந்த வருஷம் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் நாடகம் போட ஜீப்பில் போனோம். கரண்ட் கிடையாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே, மத்தியானத்தில், புளியமரத்தடியில் படுதா கட்டினோம். குழுவை நடத்திய விரிவுரையாளர் கழுத்தில் கேமராவோடு நின்றார். மிஷன் பத்திரிகைக்குப் படம் வேண்டுமாம்.

அந்த மலை ஜனங்களுக்குத் தெருக்கூத்து தெரியும். கூத்தில் சாமி வேஷம் கட்டினவன், அதைக் கலைக்கும்வரை சாமிதான். கற்பூரம் காட்டுவார்கள், காலில் விழுவார்கள். சாமி முன்னால் கிடத்தியதைச் சாமி உத்தரவு கொடுக்காமல் எடுக்க மாட்டார்கள். அது அவர்கள் வழக்கம். நாங்கள்தான் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் விசாரிக்காமல், பெரிய ஊழியக்காரர்களாக மேலே ஏறிப் போனோம்.

நாடகத்தில், இறந்துபோன சிறுமியை ஆண்டவர் கையைப் பிடித்து எழுப்பும் காட்சி முடிந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பச்சையம்மா என்று பெயர். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. காலையிலிருந்து வாந்தியும் பேதியும். கண்கள் குழிக்குள் போயிருந்தன, உதடு வெடித்திருந்தது. செத்த சிறுமியாக நடித்த எங்கள் பெண் படுத்திருந்த பாயில் தன் குழந்தையைக் கிடத்திவிட்டு, ஜெயசீலன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ண எயுப்புனியே சாமி, என் கொயந்தயயும் எயுப்பு."

ஜெயசீலன் விழித்தான். விரிவுரையாளர் ஓடி வந்தார். குழந்தையைத் தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "அப்படியே குழந்தை தலைமேல கை வை ஜெயசீலா. அசையாத" என்று சொல்லிப் படம் எடுத்தார். பிறகு பாடகர் குழுவைப் பார்த்துக் கையசைத்தார். அவர்களும் பாட ஆரம்பித்தார்கள்! எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான் பச்சையம்மாவிடம் ஓடினேன். "அக்கா, ஜீப் நிக்குது. கீழ ஆஸ்பத்திரிக்குப் போலாம், கொயந்தயத் தூக்குங்க."

"சாமி இன்னும் உத்தரவு குடுக்கல. நான் எப்புடிம்மா தூக்கறது? தூக்குனா கொயந்த போயிடும்."

நானே தூக்கக் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். விரிவுரையாளரிடம் கெஞ்சினேன். "அவங்க விசுவாசத்தைக் கெடுக்காதீங்க சிஸ்டர். சாயங்காலம் பக்கத்து ஊர்லயும் நாடகம் இருக்கு, ஜீப் அதுக்கு வேணும்" என்றார்.

படுதாவுக்குப் பின்னால் போய் மண்டியிட்டேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு எல்லாமே அருவருப்பாக இருக்கிறது. எங்களைப் பார்க்காதேயும். அந்தக் குழந்தையைப் பாரும். அது செத்துப்போகும். யாரையாவது அனுப்பும்." இவ்வளவுதான். கேட்டுவிட்டு, யாரை அனுப்புவார் என்று நானே யோசிக்கவும் செய்தேன். சபைப் போதகர் வருவாரோ, ஊர்ப் பெரியவர்கள் யாராவது வருவார்களோ என்று பார்த்தேன்.

வந்தது ஜெயசீலன். பீடிக்குத்தான் வருகிறான் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"எஸ்தரு, பசை எங்க? தாடி ஒரு பக்கம் கயண்டுக்கிச்சு. கெட்டியா ஒட்டு."

"ஒரு உசுரு போவுது, உனக்கு இன்னும் வேஷம் கேக்குதா? த்தூ!"

"நான் தாடிய எட்துட்டா அந்தம்மா யார் சொன்னாலும் கேக்காது. சாமி சொன்னாதான் கொயந்தயத் தூக்கும். சீக்கிரம் ஒட்டு" என்றான். கண் கலங்கியிருந்தது.

ஒட்டினேன்.

அவன் வெளியே போய், நாடகத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னான்: "பச்சையம்மா, கொயந்தயத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவணும், இதான் உத்தரவு. நானும் கூட வர்றேன்." அவள் சட்டென்று தூக்கிவிட்டாள். "ஆண்டவர் வேஷத்தில் ஆஸ்பத்திரிக்கா? தெய்வ நிந்தனை!" என்று விரிவுரையாளர் ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் அந்த மலைக்காரர். அவர் விரிவுரையாளரையும் பார்த்தார், சாமியையும் பார்த்தார். வண்டியை எடுத்துவிட்டார். விரிவுரையாளர்தான் ஒதுங்க வேண்டியதாயிற்று.

நானும் ஏறிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு குழந்தை வாந்தி எடுத்தது. ஜெயசீலன் அதைத் தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தான். நான் துவைத்து நீலம் போட்ட வெள்ளை அங்கி எல்லாம் நாசம். அவன் முகம் சுளிக்கவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துணியால் குழந்தையின் வாயைத் துடைத்துத் துடைத்து விட்டான். நானோ ஜன்னல் பக்கம் தலையை நீட்டிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாயா இது கோலம்? வெளிய போ."

"அவரு போனா நாங்களும் போயிடுவோம்" என்றாள் பச்சையம்மா. டாக்டர் எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ஊசி ஏற நரம்பைத் தேடித் தேடி சலைன் ஏற்றினார். குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றார். காத்திருந்தோம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஜெபித்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஜெயசீலன் துள்ளி எழுந்தான். அங்கி நனைந்திருந்தது. நர்ஸ் சிரித்துவிட்டாள். சகோதர சகோதரிகளே, என் ஜெபத்துக்குப் பதில் அப்படித்தான் வந்தது. மூத்திரமாக வந்தது.

அவன் தாடியைப் பிய்த்தான். தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. "அக்கா, நான் சாமி இல்ல. காலேஜ் பையன். மன்னிச்சிக்கோங்க" என்றான்.

பச்சையம்மா அவனை ஒரு கணம் பார்த்தாள். "சாமி எறங்கிட்டாரா? சரிப்பா. மத்தியானத்திலேர்ந்து கூடவே கெடக்கிற. போய் எதனா துன்னு" என்றாள்.

அவன் வெளியே போய் பீடியைத்தான் முதலில் பற்றவைத்தான்.

அங்கியை மறுநாள் நான்தான் துவைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. துவைக்கும்போது குமட்டல் வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்த வருஷம் கல்லூரியை விட்டு நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை பிள்ளைகள் வார்டில்தான் வேலை. பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. பாட்டையும் விசுவாசத்தையும் எழுதியிருந்தார்கள். ஜீப்பைப் பற்றியும் சலைனைப் பற்றியும் ஒரு எழுத்துகூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்புதான். அது போக வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை பாயில் கிடக்கலாம். ஆண்டவரைக் கேளுங்கள், அவர் அனுப்புவார். வருகிறவனைப் பார்த்து மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு நான் கேட்ட உதவி பீடி நாற்றத்தோடு வந்து, "கெட்டியா ஒட்டு" என்று என்னிடமே கேட்டது. ஒட்டிவிட்ட கை என்னுடையது, மகிமை அவருடையது.