முன்னறைச் சுவரில் இருந்த பெண்கள்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். கறுப்பு வெள்ளை முகங்கள், எவரும் சிரிக்காதவர்கள். வெளிநாட்டுச் சஞ்சிகைகளிலிருந்து வெட்டியெடுத்து, புத்தளத்து ஸ்டூடியோவில் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு வாப்பா மாட்டியவை. வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போனவர் ஒருவர். எகிப்தில் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர் ஒருவர். வங்காளத்தில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர் ஒருவர். மற்ற இருவரும் என்ன செய்தார்கள் என்பது மறந்துவிட்டது. எல்லாரையும் வாப்பாவின் மாமிமார் என்றே நான் நம்பியிருந்தேன். பெருநாளைக்கு அவர்களுக்கும் சலாம் சொன்னேன்.

வாப்பாவுக்குக் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம். ஆனால் உயிர் மேடையில். கற்பிட்டியில் பெண்ணுரிமை பற்றிக் கூட்டம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கொழும்பிலிருந்து யாராவது வந்தால் படங்களுக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைப்பார். அந்நேரம் உம்மாவும் ராத்தாவும் திரைச்சீலைக்குப் பின்னால். ஆண்கள் வந்திருக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் முன்னறைக்கு வருவதில்லை. சின்னவள் என்பதால் தேத்தண்ணித் தட்டு என் கையில்.

"படத்துப் பொம்புளயள் பதில் கதைக்க மாட்டாங்க. அதான் உங்கட வாப்பாக்கு அவங்களப் புடிச்சிரிக்கி," என்பாள் உம்மா, வெங்காயம் உரித்தபடி.

ராத்தா என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா. விஞ்ஞானம் படிக்க, விடியற்கால பஸ்ஸில் புத்தளத்துக்குப் போய்வந்தாள். தவளையைக் கிழித்துப் பார்த்ததை, அதன் இதயம் அப்போதும் துடித்ததை, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வாள். உம்மா பீங்கானைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவாள். டாக்டராகப்போகிறவள் என்று வாப்பாவே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து பெரியவாப்பா வந்தார். வாப்பா 'நானா' என்று கூப்பிடும் மூத்த சகோதரர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர். கதிரையில் உட்காருமுன்பே தொடங்கிவிட்டார்.

"தம்பி, பள்ளியில உன்னப் பத்தி ரெண்டு கதை. ஒண்டு, உருவப்படம் தொங்குற ஊட்டுக்கு வானத்து மலக்குமார் எறங்கி வரமாட்டாங்க. மத்தது, கொமருப் புள்ள தனிய பஸ்ஸில போய்வருது. ரெண்டுக்கும் பதில் செல்ல என்னால ஏலாது. ஒண்ட விடு. மத்தத நான் பாத்துக்கிறன்."

வாப்பா எழுந்து பேசினார். எந்த மேடையிலும் அவர் அப்படிப் பேசியிருக்கமாட்டார். சிறைக் கதவுகள் திறந்தன, கூட்டங்கள் தெருவில் இறங்கின, வங்காளத்தில் ஒரு பள்ளிக்கூட மணி அடித்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மயிர் கூச்செறிந்தது. பெரியவாப்பா தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு, பாதி இரங்கியவரைப்போல, "அஞ்சு ஆணிதானே தம்பி. கழட்டினா முடிஞ்சிது," என்றார்.

வாப்பா சுவரைப் பார்த்தார். எகிப்தைப் பார்த்தார், வங்காளத்தைப் பார்த்தார்.

"படம் இரிக்கட்டும் நானா. புள்ள ஊட்டுல நிக்கட்டும்."

பெரியவாப்பா உடனே எழும்பவில்லை. வெறும் கோப்பையை இன்னொரு தடவை வாயில் வைத்தார். இந்தப் பதிலுக்கு ஆயத்தமாகி அவர் வந்திருக்கவில்லை.

நான் பின்வளவுக்கு ஓடினேன். கிணற்றடியில் ராத்தா சீருடை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, வாப்பா வெண்டுட்டாரு. ஒரு படமும் கழட்டத் தேவல்லயாம்."

அவள் முகம் மலர்ந்தது. சவர்க்கார நுரை முழங்கைவரை வழிய, "மெய்யாவா? பெரியவாப்பா சும்மா விட்டுட்டாரா?" என்றாள்.

"ஓம். நீ பஸ்ஸில போறத நிப்பாட்டினாப் போதுமாம்."

படங்கள் அதன் பிறகும் பல வருடம் இருந்தன. அவற்றைத் துடைப்பது ராத்தாவின் வேலையாயிற்று. விருந்தாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஈரத் துணியோடு வருவாள். வாக்குரிமையைத் துடைப்பாள், பத்திரிகையைத் துடைப்பாள், பள்ளிக்கூடத்தைத் துடைப்பாள். கலியாணமாகிக் கண்டக்குழிக்குப் போகும்வரை துடைத்தாள். வாப்பா அப்போதும் பேசிக்கொண்டிருந்தார். ஆட்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

அன்று கிணற்றடியில் அவள் சீருடையை இரண்டு தண்ணீரில் அலசினாள், பிழிந்தாள், உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, காலர் சுருங்காதபடி, திங்கட்கிழமைக்குத் தேவை என்பதுபோல, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துவிட்டாள்.

இனி நீ எந்நேரமும் வீட்டில்தானே, எனக்குத் தலை பின்னிவிடுவாயா என்று கேட்டேன். ஓம் என்றாள். சந்தோஷமான சேதியை வீட்டில் முதன்முதலாகச் சொன்னவள் நான்தான் என்ற பெருமையோடு, இன்னும் யாருக்குச் சொல்லலாம் என்று உம்மாவைத் தேடிக்கொண்டு ஓடினேன்.