இரண்டு செபமாலைத் தூரம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். சொல்லட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் மடோனியே மலைகளில் ஒரு நீரூற்று இன்றைக்கும் வரைபடத்தில் பிழையான இடத்தில்தான் கிடந்திருக்கும்.

அந்த வரைபடம் இருந்தது பலேர்மோ நகரத்தில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்பக்கம், நாலாம் மாடியில், நான் பதினொரு வருடம் வேலை செய்த வீட்டில். அங்கே நான் துடைக்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான்: சாப்பாட்டு மேசை. சாப்பிடுவது குசினியில். மேசை முழுவதும் படம் விரித்திருக்கும், நாலு மூலைக்கும் நாலு கல். அந்த வீட்டு அம்மாவை நான் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன்; பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எண்பது கடந்தும் மூளை கத்தி மாதிரி. முழங்கால்கள்தான் அவரைக் கைவிட்டுவிட்டன. வேலைக்குப் போன முதல் மாதமே ஒரு கல்லைத் தூக்கித் தூசி தட்டப் போனேன். படம் சுருண்டுவிட்டது. அப்போது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்த வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குப் போகத்தான் இருந்தேன். பின்னேரம் அவரே கூப்பிட்டு மேசையில் என்ன நடக்கிறதென்று காட்டினார்.

அவருடைய பூட்டனாரின் தம்பி ஒரு செடி ஆராய்ச்சிக்காரர். நூறு வருடத்துக்கும் முந்திய காலம். கோடைக்குக் கோடை பலேர்மோவிலிருந்து மடோனியே மலைகளுக்குப் போய்ச் செடி சேர்த்திருக்கிறார். அந்த நாளில் மலையின் உட்பக்கத்துக்கு ஒழுங்கான படம் கிடையாது. ஆகவே அவரே கீறிக்கொண்டு நடந்திருக்கிறார்: இங்கே ஓடை, இங்கே ஆட்டுப்பட்டி, இங்கே இந்தப் பூ. கூடப் போனது ஒரு கோவேறு கழுதையும், அதை ஓட்ட மலைக் கிராமத்து ஆள் ஒருவனும். அவருடைய குறிப்புப் புத்தகம் கைமாறிக் கைமாறிச் சிஞ்ஞோராவிடம் வந்திருந்தது. அதை வாசித்து, அவர் நடந்த வழியை இந்தக் காலத்துப் படத்தில் மையால் புள்ளி புள்ளியாக ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போன காலத்திலேயே அநேகமாக எல்லாப் புள்ளியும் வைத்து முடிந்திருந்தது. ஒன்று மட்டும் மிச்சம்.

அது பிளந்த பாறை ஒன்றின் கீழேயுள்ள ஊற்று. அதன் ஈரத்தில் விரல் நகத்தளவு வெள்ளைப் பூவோடு ஒரு செடி. அந்த மனிதர் வாழ்நாளில் அந்த ஓர் இடத்தில்தான் அதைக் கண்டாராம். அவர் அன்று காயவைத்தது புத்தகத்திலேயே ஒட்டியிருந்தது. பார்த்தால் தேத்தண்ணிக் கறை என்றுதான் நினைப்பீர்கள். புத்தகத்தில் சொன்ன இடத்துக்குச் சிஞ்ஞோரா இரண்டு தரம் ஆள் அனுப்பித் தேடினார். பாறையுமில்லை, ஊற்றுமில்லை. பென்சிலால் புள்ளி வைத்து அழித்து, வைத்து அழித்து, அந்த இடத்தில் கடதாசி பஞ்சாகிவிட்டது. அந்தக் கடைசிப் புள்ளிக்கென்று வாங்கிய மைப்போத்தல் திறக்காமலே அலுமாரியில் இருந்தது.

போன வருடம் ஆவணி மாதம் ஜெனோவாவிலிருந்து மகள் வந்தாள். அம்மா இனித் தனியே இருக்க முடியாது, ஈஸ்டர் முடியக் கப்பலேற்றித் தன்னிடம் கூட்டிப் போகிறேன் என்று முடிவு சொன்னாள். படமும் புத்தகமும் பல்கலைக்கழக நூலகத்துக்கு. சிஞ்ஞோரா மறுக்கவில்லை. ஆனால் மகள் போன அன்று நான் குசினியில் வுச்சீரியாச் சந்தையில் வாங்கிய மத்தி மீனை வெட்டிக்கொண்டிருக்க, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தார். ஊற்றைக் கண்டுபிடிக்காமல் கப்பலேறினால் இனி ஒருவரும் அதைத் தேடப்போவதில்லை என்றார். இத்தனை வருட உழைப்பும் நடுவில் ஓர் ஓட்டையோடு அலுமாரிக்குள் போகும் என்றார். அந்தப் பக்கத்தை எனக்கு ஒருதரம் வாசியுங்கள் என்று கேட்டேன், ஆறுதலுக்குத்தான்.

வாசித்தார். முதல் நாள் ஓடை கடக்கும்போது செடிக்காரரின் மணிக்கூடு தண்ணீருக்குள் விழுந்து நின்றுவிட்டது. மறுநாள் கை தெரியாத மூடுபனி. ஊற்றடிக்கு வந்ததும், ஆட்டுப்பட்டியிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று தன் ஆளைக் கேட்டிருக்கிறார். இரண்டு செபமாலைத் தூரம், அதாவது இரண்டு தரம் செபமாலை சொல்லி முடிக்கிற நடை, என்றிருக்கிறான் அவன். அதை அரை மணி நடை என்று கணக்குப் போட்டுப் படத்தில் குறித்துவிட்டார். இல்லை, நாம் மலை முதுகைக் கடந்து மறுபக்கம் வந்துவிட்டோம் என்று அவன் சாதித்தானாம். அதற்கு இவர் எழுதி வைத்திருக்கிறார்: 'தூரம் பற்றி இந்த ஆளை நம்ப முடியாது.'

எனக்கு வந்ததே கோபம். புத்தகம் முழுக்க அவனுக்கு ஒரு பெயர் கிடையாது, 'என் ஆள்', அவ்வளவுதான். கழுதையை ஓட்டி, சாமான் சுமந்து, நெருப்பு மூட்டிச் சமைத்துப் போட்ட மனிதனை நம்ப முடியாதாம். நான் முதன்முதல் வேலை செய்த வீட்டிலும் இப்படித்தான். அந்த வீட்டு மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடும். ஆனால் ஒவ்வொரு நாளும் பிந்தி வந்தவள் நான். மீனை அப்படியே போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

இரண்டு செபமாலை எப்படி அரை மணியாகும் என்று கேட்டேன். ஒன்றுக்குக் கால் மணி, கோவிலில் தான் சொல்வது அப்படித்தான் என்றார் சிஞ்ஞோரா.

"அது கதிரையிலை இருந்து சொன்னால், சிஞ்ஞோரா. மலை ஏறேக்கை ஆர் அப்பிடிச் சொல்லுவினம்?"

அவருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரினோ மலையில் ஏறுகிறவர்கள் நாங்கள்தானே. மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி என்று எங்கள் சனம் எல்லாம் அடிவாரத்தில் கூடும், சைவக்காரரும் வருவார்கள். சிலர் வெறுங்காலோடு. ஒரு செபமாலைக்கு ஐந்து பத்துமணி; பத்துமணி ஒன்று சொல்லி முடிய ஒரு பாட்டு. செங்குத்து ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்பதும், பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதும் அதற்குள் சேர்த்தி. அடிவாரத்தில் தொடங்கினால் மேலே இருக்கும் குகைக்கோவில் வாசலுக்குப் போக இரண்டு செபமாலை சரியாக இருக்கும். எங்களுக்கு அந்த மலை அவ்வளவு தூரம். மணிக்கூட்டை ஒருவரும் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் கை காலை ஆட்டிச் சொல்லி முடித்தேன். சிஞ்ஞோரா புத்தகத்தை மெல்ல மூடினார். பிறகு, தன் தாயின் கிராமத்திலும் பெண்கள் செபமாலையைப் பாடித்தான் சொல்வார்கள், தான் அதை மறந்தே போய்விட்டேன் என்றார். தோட்டத்துக்கு நடந்து போகும்போது பாடுவார்களாம். கடைசியில் ஆசிரியையின் குரலில் கட்டளை வந்தது: அளந்துகொண்டு வா.

அந்த ஞாயிறு நான் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்துக்கொண்டு ஏறினேன். எங்கள் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"நீ செபம் சொல்ல வந்தனியோ, ஓட்டப் போட்டிக்கு வந்தனியோ?"

வாயை மூடிக்கொண்டு பாடுங்கோ என்றேன். அது எப்படி முடியும் என்று அதற்கும் ஒரு நையாண்டி. குகை வாசலில் பார்த்தால் ஒரு மணி இருபது நிமிடம். திங்கட்கிழமை சிஞ்ஞோரா கவராயத்தை எடுத்து, ஆட்டுப்பட்டியில் ஒரு காலை ஊன்றி, மறு காலை அந்த நேர நடைக்கு ஏற்ப அகட்டினார். அது மலை முதுகைத் தாண்டி மறுபக்கத்தில் போய் இறங்கியது. அந்தக் கழுதைக்காரன் சொன்ன அதே பக்கம். அங்கே பென்சிலால் மெல்லியதாக ஒரு புள்ளி வைத்தார்.

புரட்டாதி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எனக்கு முழு நாள் லீவு தந்தார். எங்கள் வீட்டுக்காரர் கார் ஓட்ட, பாண் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணிப் போத்தலுமாகப் போனோம். ஆட்டுப்பட்டியில் இடிந்த கல்மதில் மட்டும் மிச்சமிருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு, இனிச் சொல்லத் தொடங்குவோம், ஆனால் அவசரப்படாமல் மலை ஏறுகிற மாதிரிச் சொல்ல வேணும் என்றேன்.

"அளக்கிறதுக்கெண்டு செபம் சொல்லக்கூடாது. நாங்கள் உண்மையாச் சொல்லுவம். தூரம் தன்ரை பாட்டிலை வரும்," என்றார் இவர். முப்பது வருடக் கலியாண வாழ்க்கையில் அந்த மனிதர் சொன்ன புத்தியான வார்த்தை அதுதான்.

அவர் முன்பாதி சொல்ல, நான் பின்பாதி சொல்ல, பாட்டை இருவரும் பாட, ஏறினோம். நல்ல காற்று. ஆட்டு மணிச் சத்தம் எங்கேயோ கீழே கேட்டது. இரண்டாவது செபமாலையின் நாலாவது பத்தில் மலை முதுகு வந்தது. ஐந்தாவது பத்தைச் சொல்லிக்கொண்டே மறுபக்கம் இறங்கினோம். கடைசி மணியில் விரல் இருக்கும்போது இவர் நின்றுவிட்டார். முன்னால் ஒரு பாறை, நடுவால் பாணைப் பிய்த்தது போல இரண்டாக. அதன் அடியில் நூல் மாதிரித் தண்ணீர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் செடி இல்லை. கோடை வெயில் எல்லாவற்றையும் தின்றிருந்தது. முழந்தாளில் இருந்து, போனின் வெளிச்சத்தில் பாறையிடுக்கெல்லாம் தேடினேன். காய்ந்த புல்லும் மாட்டுச் சாணமும்தான்.

நாங்கள் போனில் பிடித்து வந்த படங்களைப் பார்த்த சிஞ்ஞோராவின் கண் ஒரு கணம் மின்னியது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்த மலைகளில் பிளந்த பாறை எத்தனையோ, ஊற்றும் எத்தனையோ. பூ இல்லாமல் மை இல்லை என்றார். அவர் சொன்னது நியாயம். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் கைப்பையைத் திறக்க, கைலேஞ்சித் துணியில் முடிந்திருந்த மண் மேசையோரத்தில் கொட்டியது.

மண் எதற்கு என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? எங்கள் மன்னாரில் மடுமாதா கோவிலுக்குப் போனவர்கள் ஒரு பிடி மண் இல்லாமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். பாறையடியிலிருந்து எழும்பும்போது யோசிக்காமலே கை அள்ளிவிட்டது. சிஞ்ஞோரா பிடிபிடியென்று பிடித்தார். அது காவலுள்ள மலை, ஓர் இலைகூடத் தொடக் கூடாத இடம், உனக்கு எத்தனை தரம் சொன்னேன் என்று. நான் முகத்தை நீட்டிக்கொண்டு மண்ணைக் கூட்டி அள்ளிக் குப்பைக்குக் கொண்டுபோனேன். கதவடியில் பின்னாலிருந்து குரல் வந்தது: "நில். எறியாதே."

ஒரு யோகட் கோப்பைக்கு அடியில் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, பால்கனியில் என் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தோம். கறிவேப்பிலைக்கு ஊற்றும்போது அதற்கும் கொஞ்சம் ஊற்றுவேன். மழைக்காலம் வந்தது. வீட்டில் பெட்டி கட்டும் வேலையும் தொடங்கியது. புத்தகங்கள், பீங்கான், திரைச்சீலை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. எனக்கு இன்னொரு வீட்டில் வேலை சரிவந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியையும் வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஒட்டினேன். மேசையை மட்டும் இருவரும் தொடவில்லை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்டக் கோப்பையில் பச்சையாக நாலைந்து முளை. களையென்று பிடுங்கப் போன என் கையைச் சிஞ்ஞோரா ஊன்றுகோலால் தட்டினார்.

பங்குனியில் ஒரு காலை தண்ணீர் ஊற்றப் போனேன். விரல் நகத்தளவில் வெள்ளையாக ஒரு பூ.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, ஈரமும் மண்ணுமாக அப்படியே மேசையில், படத்தின் மேல் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேனென்று உறைத்தது. சிஞ்ஞோரா அந்தப் பழைய பார்வை பார்க்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். இதழை எண்ணினார், இலையின் மயிரைப் பார்த்தார், புத்தகத்தைத் திறந்து அந்தத் தேத்தண்ணிக் கறையைப் பார்த்தார், திரும்பப் பூவைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார்.

"இதுதான்," என்றார்.

மைப்போத்தலை எடுத்துத் திறந்தேன். இத்தனை வருடத்தில் உள்ளுக்குள்ளேயே காய்ந்து கட்டியாகியிருந்தது. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கடைசியில் என் கைப்பையிலிருந்த, கோவில் திருநாளுக்கு அச்சடித்த நீலப் பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நடந்தது நீ, நீயே வை என்றார். மாட்டேன் என்றால் விடவா போகிறார்? பஞ்சாகாத புது இடத்தில், மலை முதுகுக்கு மறுபக்கத்தில் புள்ளியை வைத்தேன்.

பிறகு அவர் பேனையை வாங்கி, ஒரு சின்னத் துண்டுக் கடதாசியில் எழுதி, புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்குள் வைத்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார்: 'அந்த ஆள் சொன்ன தூரம் சரி.'

"பாடிக்கொண்டு நடந்தவன் எண்டும் எழுதுங்கோ," என்றேன்.

துண்டைத் திரும்ப எடுத்து, அதையும் எழுதினார்.